புள்ளியில்லாத இறால்

காலையிலிருந்தே ராயப்பன் ஆய்வக மேஜையை விட்டு நகரவில்லை. மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் நகமளவு இறால். பக்கத்தில் ஸ்பிரிட் புட்டி. புதிய இனம் என்று சொல்வதானால் செத்த உடலைப் புட்டியில் காட்டியாக வேண்டும். அது இந்தத் தொழிலின் சட்டம். இருப்பதோ ஒன்றே ஒன்று.

புதியது என்றால் முனைவர் பட்டம் கிடைக்கும். இல்லையென்றால் கல்லூரி கொடுத்த விடுப்பு இந்த மாதத்தோடு சரி, வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டியதுதான். தலை நரைத்த பிறகு அந்த அவமானமா?

ஆய்வு வழிகாட்டி ஜுலைகா உள்ளே வந்தார். வயதில் இளையவர்தான். ஆனாலும் ராயப்பன் எழுந்து நின்றார்.

"என்ன இனம் சார்?"

"உடம்பு அமைப்பெல்லாம் நம்ம புள்ளி இறால்தான் மேடம். ஆனா வெள்ளைப் புள்ளி ஒண்ணுகூட இல்ல. நேத்திலேர்ந்து பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கேன். புதுசுதான். ஸ்பிரிட்ல போட்டுரட்டுமா?"

"எங்கே இருந்துச்சு?"

ராயப்பன் மூலையிலிருந்த தொட்டியைக் காட்டினார். அதில் பூ மாதிரி ஒரு பிராணி, கடல் சாமந்தி, விரல்களை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. தொட்டதையெல்லாம் கொட்டும், தன்னிடம் குடியிருக்கும் இறாலை மட்டும் விட்டுவைக்கும்.

"அதுக்குள்ள இருக்கும்போது பாத்தீங்களா?"

"தண்ணி ஒரே கலங்கல் மேடம். ரெண்டையும் சேத்து அள்ளிட்டு வந்து, உடனே பிரிச்சு வெச்சிட்டேன்."

"திருப்பி உள்ள விடுங்க."

"செத்துப்போச்சுன்னா?"

"ஸ்பிரிட்ல மட்டும் நீந்துமா?"

ராயப்பன் இறாலைத் தொட்டிக்குள் விட்டார். சாமந்தியின் விரல்கள் அதைப் பிடித்துக் கொட்டின. இறால் துள்ளி விடுபட்டு மணலில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் கையை விட்டு எடுக்கப் போனார். ஜுலைகா தடுத்தார்.

"அதோட வீடுதானே மேடம், ஏன் கொட்டுது?"

"ஒரு நாள் பிரிஞ்சு இருந்திருக்கு. சாமந்திக்கு ஆள் மறந்துபோச்சு. விடுங்க, பேசித் தீத்துக்கிடட்டும்."

இறால் ஒரு காலை நீட்டி ஒரு விரலைத் தொட்டது. சட்டென்று பின்வாங்கியது. மறுபடி தொட்டது. ராயப்பன் சாப்பிடப் போகவில்லை. அது பின்வாங்கும்போதெல்லாம் அவருக்கும் மூச்சு நின்றது.

வெயில் சாயும் நேரத்தில் அது சாமந்திக்குள் முழுதாகப் போய் அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வாலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு முதுகில் ஒன்று. அப்புறம் எல்லாமே வந்துவிட்டன. கடற்கரை முழுக்கக் கிடைக்கும் அதே புள்ளி இறால்தான்.

ராயப்பன் தன் படங்களை எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் புள்ளி இல்லை.

"அப்போ நேத்தெல்லாம் நான் வரைஞ்சது என்ன மேடம்?"

ஜுலைகா ஸ்பிரிட் புட்டியின் மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தார்.

"பயம் சார். வீட்டை விட்டுப் பிரிச்சா இதுக்குப் புள்ளி மறைஞ்சிடும். அந்தப் படத்துல இறாலோட பயம் எது, உங்களோடது எதுன்னு நீங்கதான் வகை பிரிக்கணும்."