செங்கமலம் வெளுத்த துணி

ஒரு ஊர்ல, நாகூருக்குப் பக்கத்துல, துணி வெளுக்குற பொம்பள ஒருத்தி இருந்தா. செங்கமலம்னு பேரு. அவ வெள்ளாவி வச்சா எப்பேர்ப்பட்ட அழுக்கும் ஓடிடும். எந்தச் சாயமும் அவகிட்ட கொஞ்சமாவது அழுதுட்டுத்தான் போகும். ம் சொல்லு. ம் சொன்னாத்தான் கதை நகரும்.

அப்போ ஒரு நாள் கப்பல்ல ஏவாரம் பண்ற கப்பக்காரர் வீட்டுலேர்ந்து ஒரு துணி வெளுக்க வந்துச்சு. ஜாவாத் தீவுத் துணி. நீலமும் காவியுமா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பூவும் பறவையும். சளக் சளக்னு அலசுறா, ஒரு சொட்டுச் சாயம் போகல. பொத் பொத்னு அடிக்கிறா, ம்ஹூம். "யாருடி இவ, எனக்கே போக்குக் காட்டுறவ"ன்னு சிரிச்சா. அன்னைலேர்ந்து அவளுக்கு அதே நெனப்பு. செஞ்ச கைய ஒரு தரம் பாத்துடணும்னு கெடந்தா. அப்புறம் கப்பக்காரர் ஜாவாவுக்குக் கிளம்புறப்ப, "உங்க துணியெல்லாம் நான் தொவைக்கிறேன், என்னையும் கூட்டிட்டுப் போங்கய்யா"ன்னு ஏறிட்டா.

அங்க எறங்கி, அவர் ஏவாரம் பாக்க, இவ துணி பாத்தா. ஒரு ஊர்த் துணி கருங்காவி, இன்னொரு ஊர்த் துணி செக்கச் செவேல்னு. தடவித் தடவிப் பாக்குறா, மோந்து பாக்குறா, பித்துப் பிடிச்சவளாட்டம் கடை கடையா அலையுறா. எப்படிச் செய்றீங்கன்னு கேட்டா கடைக்காரங்க சிரிக்கிறாங்களே ஒழிய வாயத் தொறக்கல. கடைசியில வாகியம்னு ஒருத்தி, "எங்க வீட்டுக்கு வா, நாளைக்குக் காட்டுறேன்"னா. கப்பக்காரர் ஆளுதான் ரெண்டு பாஷையும் பேசி இத எடுத்துச் சொன்னான். சொல்லிட்டு அவன் போயிட்டான். அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல கையும் கண்ணும்தான் பாஷை.

தூங்கிட்டியா? ம். சரி.

அந்த வீட்ல வாகியத்தோட ஆத்தா படுத்த படுக்கையா கெடக்குறா. கண்ணு தெரியாது. அவளும் ஒரு காலத்துல துணி வரைஞ்சவதான். "நான் போனா, நீ உன் கையால வரைஞ்சதத்தான் என்மேல போத்தணும்"னு மககிட்ட கேட்டிருந்தா. மழைக்காலம் பூரா வாகியம் அந்தத் துணியத்தான் வரைஞ்சா. எதால தெரியுமா? உருக்குன மெழுகால. மெழுகு இருக்குற எடத்துல சாயம் ஒட்டாதுல்ல? அப்படி வரைஞ்சு, வெள்ளையா நிக்க வேண்டிய எடத்தையெல்லாம் கருமெழுகால அப்பி மூடி, சாயத்துல முக்கி, அப்புறமா சுடுதண்ணில மெழுகக் கழட்டுனா, பூ கண்ணத் தொறக்கும். இதெல்லாம் உனக்குச் சொல்றேன். செங்கமலத்துக்கு யாரும் சொல்லலியே!

மறுநாள் காலைல வாகியம் நீலச் சாயம் வாங்கப் போயிட்டா. செங்கமலம் சும்மா இருப்பாளா? கொல்லைல பாக்குறா, கொடியில ஒரு துணி. திட்டுத் திட்டா கருப்பு, பிசுபிசுன்னு, வெறச்சுக் கெடக்கு. "ஐயோ பாவம், கிழவி படுக்கையில கெடந்த துணி போல. தொவைக்கக்கூட நேரமில்லாம ஓடுறாளே இந்தப் புள்ள"ன்னு மனசு உருகிட்டா. தங்க எடம் குடுத்தவளுக்கு வேற என்ன செய்வா? பெரிய பானையா எடுத்தா, அடுப்புச் சாம்பல அள்ளிப் போட்டா, கொத கொதன்னு கொதிக்கவிட்டா. பொத்! பொத்! பொத்!

ஐயோங்கிறியா? ஆமாடா கண்ணு, ஐயோதான்.

வாகியம் வர்றா. கொடியில பளீர்னு வெள்ளைத் துணி. பக்கத்துல செங்கமலம், பல்லெல்லாம் தெரிய நிக்கிறா. வாகியம் சாயப் பானைய மெதுவா கீழ வச்சா. துணியத் தொட்டா. கொதிச்ச பானைய எட்டிப் பாத்தா. மேல கருப்பா மெழுகு மெதக்குது.  அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. செங்கமலமும் எட்டிப் பாத்தா. துணி வேலைக்காரிதானே, பாத்த ஒடனே வெளங்கிடுச்சு. எதத் தெரிஞ்சுக்க கடல் தாண்டி வந்தாளோ அது தெரிஞ்சுபோச்சு. பாவி, இப்படியா தெரியணும்?

அப்புறம் என்ன, பதறுனா. மெதந்த மெழுக வழிச்சு உருக்கி, திரும்பத் துணியில தடவுனா. சாம்பல் கலந்த மெழுகு, பொல பொலன்னு உதுந்துச்சு. அப்புறம் வாகியம் மெழுகு ஊத்தி வரையுற மூக்குக் குழாய எடுத்துத் தானே ஒரு ஓரத்துல வரையப் பாத்தா. சொட்டு, சொட்டு, கறை கறையா விழுந்து கையும் வெந்துச்சு. அப்புறம் கடைக்கு ஓடி, காதுத் தோட்டக் கழட்டிக் குடுத்து, இருக்குறதுலயே நல்ல துணியா வாங்கிட்டு வந்து கால்ல வச்சா. வாகியம் அத மடிச்சு அவ மடியிலயே திருப்பி வச்சா. அது வாகியம் கையால வரைஞ்சது இல்லியே. புதுசா வரையவும் நேரமில்ல. உள்ள கிழவிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு.

"முடிச்சிட்டியா?"ன்னு கிழவி கேக்குறா.

"முடிச்சிட்டேம்மா"ன்னா மக.

அப்போ அந்த வெள்ளைத் துணிய எடுத்துட்டுப் போயி ஆத்தா மார்மேல விரிச்சா. அவ வெரலப் பிடிச்சு, துணிமேல வளைச்சு வளைச்சு ஓட்டுறா. இங்க கொடி போகுதும்மா. இங்க ஒரு குருவி. இது எலை. பாஷை தெரியாட்டி என்ன, அந்த வெரல் போற போக்கப் பாத்தே செங்கமலத்துக்கு எல்லாம் புரிஞ்சுது. வாசப்படியில நின்னு வாயப் பொத்திக்கிட்டா.

அந்தப் பாட்டிக்குத் தெரியலியான்னு கேக்குறியா?

கண்ணுதானே போச்சு, மூக்கு இருக்குல்ல. துணியத் தூக்கி மோந்து பாத்தா. நீலத்து வாசம் இல்ல, மெழுகு வாசம் இல்ல. சாம்பல் வாசம். ஆயுசு பூரா துணியோட கெடந்தவ, அவளுக்கா தெரியாது? மக வெரலு குருவிக்கு றெக்கை வரைஞ்சிட்டு இருந்துச்சு. கிழவி அந்தக் கைய இறுக்கிப் பிடிச்சு நிறுத்துனா. "அழகா இருக்குடி, போத்து"ன்னா. மக போத்திவிட்டா. பொழுது சாயறதுக்குள்ள கிழவி போயிட்டா.

யாரும் செங்கமலத்த ஒரு வார்த்தை சொல்லல. அடக்கம் முடிஞ்சு வந்து வாகியம் அவளுக்கும் ஒரு தட்டுல சோறு போட்டு வச்சா. அடிச்சிருந்தாலும் அழுதுட்டு எந்திரிச்சிருப்பா. அந்தச் சோத்த அவ எப்படித் திம்பா, சொல்லு?

ம்? ம் வரலியே. சரி, கதை அந்தத் தட்டோட நின்னுபோச்சு. நீ தூங்கு, கண்ணு.