அறந்தாங்கியில் ஒரு பிரதி

"ரெண்டு டிஸ்க் போட்டிருந்தோம். ரெண்டுலயும் இல்லை. இது என்னம்மா நியாயம்?"

கேட்டவர் அம்பலவாணன். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதிக் களைத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஏழு வருடம். ஒரே மகன் சிவநேசன், போன பொங்கலில் சாலை விபத்தில் இறந்துபோனான்.

கேட்டது ரெஜினாவிடம். கம்ப்யூட்டர் டிஸ்க்கில் தொலைந்துபோனதை மீட்டுத் தருபவர். வயது முப்பத்தாறு. திருச்சியில் ஒரு மாடியறை, ஒரு மேசை, ஏழெட்டு ஸ்க்ரூ டிரைவர். பேச்சு குறைவு. இந்தத் தொழிலைப் படித்து முடித்துவிட்டோம் என்று நினைத்த பலர் அவரிடம் வந்து மறுபடி முதலிலிருந்து படித்திருக்கிறார்கள்.

மேசைமேல் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. சிவநேசன் வாங்கி ஹாலில் வைத்தது. வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும், வீடியோ எடுத்தாலும் இதில் வந்து சேரும். சேர்ந்ததும் போனிலிருந்து நீங்கிவிடும், இடம் அடைக்காது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும்.

"ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கும்னு சொன்னான் என் மகன்."

"கெட்டுச்சா சார்?"

"இல்லை. ரெண்டும் ஓடுது. உள்ளே இருந்ததைத்தான் காணோம். எனக்கு அவன் சத்தம் வேணும்மா. ஒரு தடவை சிரிக்கிறதைக் கேட்டாப் போதும்."

ரெஜினா பில் புத்தகத்தை எடுத்தார். நடுவில் கார்பன் தாளை வைத்தார்.

"மகன் பேரை எழுதுங்க."

எழுதினார். மணிமணியான எழுத்து.

ரெஜினா பேனாவை வாங்கி அந்தப் பெயரைக் குறுக்கே அடித்தார். மேல்தாளைத் தூக்கிக் காட்டினார்.

அடியிலும் சிவநேசன். அடியிலும் அடித்தல்.

கார்பனோடு பாதி ஆயுள் குடித்தனம் நடத்திய மனிதர் அவர். வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"யாரோ அழிச்சிருக்காங்கன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"தானாப் போயிருக்காதா?"

"பெட்டியை விட்டுட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க."

 

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"இனிமே எதுவும் போகாம இருக்க என்ன செய்யணும்? சொல்லிக்குடுங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் ரெஜினா சொல்லிக்கொடுத்தார்.

"எதையும் மூணு பிரதி வைக்கணும். அதுல ஒண்ணு வேற வீட்டுல இருக்கணும். வேற ஊரா இருந்தா இன்னும் நல்லது. அப்பப்போ திறந்து பார்க்கணும்."

அம்பலவாணன் எழுதிக்கொண்டார். "வேற ஊர்ல எனக்கு யார் இருக்கா?" என்றும் கேட்டார்.

ரெஜினா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"யார் உள்ளே வந்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு பெட்டி குறிச்சு வச்சுக்கும் சார்."

பிப்ரவரி பதினொன்று, பகல் இரண்டு நாற்பது. அழிக்கப்பட்டவை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

அழித்தவர்: அப்பா.

சிவநேசன் வைத்த பெயர் அது. வீட்டில் ஆளுக்கொரு கணக்கு திறந்து பெயர் கொடுத்திருந்தான். நேசன், சுகன்யா, அப்பா.

அம்பலவாணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"சுகன்யா யாரு சார்?"

"மருமக. இப்ப அவ அம்மா வீட்டுல இருக்கா. அறந்தாங்கி."

அம்பலவாணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பொங்கலுக்கு அங்கே போயிருந்தா. இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன் பண்ணினா. இவன் பைக்கை எடுத்தான். கீரனூர் தாண்டலை."

திரையில் இருந்த தேதியை விரலால் தொட்டார்.

"அந்தப் பெட்டி முகத்தை வச்சுப் பிரிச்சுக் காட்டும்ல? அவ முகத்தைத் தொட்டேன். அவ இருந்ததெல்லாம் வரிசையா வந்துச்சு. மொத்தமா அழிச்சேன். குப்பைக் கூடையையும் காலி பண்ணினேன். கல்யாண ஆல்பத்தை அதுக்கு முன்னாடியே கிழிச்சாச்சு. அவ மூஞ்சி என் வீட்டுல இருக்கக் கூடாதுன்னுதான்மா நினைச்சேன். அவனை அழிக்கணும்னு நினைக்கலை."

"அவரும் அதுல இருந்தாரு."

"எல்லாத்துலயும் இருந்தான். அவ பக்கத்துலயே. தனியா ஒரு படம்கூட இல்லை."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. பாவம், சுகன்யா மூட்டைப்பூச்சியும் இல்லை.

"மிச்சம் என்ன சார் இருக்கு?"

"பாஸ்போர்ட் போட்டோ. ஆதார் கார்டு. மார்க் ஷீட்டு. ஒண்ணுலயும் சிரிக்கலை."

ரெஜினா கேட்டார்: "வாசல்ல கேமரா போட்டிருக்கீங்களா?"

"மார்ச்சுல போட்டேன். தனியா இருக்கேன்ல."

"அது இதே டிஸ்க்குலதான் ராத்திரி பகலா எழுதுது. படம் இருந்த இடத்து மேலேயே எழுதிடுச்சு. அதனாலதான் என்னால எடுக்க முடியலை."

"என்னம்மா எழுதியிருக்கு?"

"உங்க வீட்டு கேட்டு."

ஒன்பது மாதம், ஒருவரும் திறந்து வராத கேட். அம்பலவாணன் வாய்விட்டு அழுதார். ரெஜினா தடுக்கவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அவர் அழுது ஓய்ந்ததும் ரெஜினா சொன்னார்:

"இப்ப நீங்க எழுதிக்கிட்ட பாடம் உங்க மகனுக்குத் தெரிஞ்சிருக்கு சார். ஞாயித்துக்கிழமை தோறும் மூணாவது பிரதி ஒண்ணு வேற ஊருக்குப் போயிருக்கு. அவர் இறந்தப்புறம் நீங்க வீட்டு இன்டர்நெட்டை நிறுத்திட்டீங்க. அதோட நின்னுபோச்சு. ஆனா அதுவரைக்கும் போனது அங்கே இருக்கும்."

"எந்த ஊரு?"

"அறந்தாங்கி."

அம்பலவாணன் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப இருக்கா? அவன் சத்தம் இருக்கா?"

"இருக்கும். ஆனா பூட்டி இருக்கும். வெளியூருக்கு அனுப்புறதாலே பூட்டித்தான் அனுப்பியிருக்கார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவசரத்துக்குன்னு ஒரு சாவியை சுகன்யா கணக்குல போட்டு வச்சிருந்தார்."

"சுகன்யா கணக்குல."

"ஆமா."

திரையில் அடுத்த வரி இருந்தது. அதே நாள், இரண்டு ஐம்பத்திரண்டு. 'சுகன்யா' கணக்கு நீக்கப்பட்டது. நீக்கியவர் யார் என்று அம்பலவாணன் படிக்கவில்லை.

"வேற வழி?"

"இல்லை சார். அந்தப் பூட்டை யாராலயும் திறக்க முடியாது."

"அப்புறம் எதுக்கும்மா இதை என்கிட்ட சொன்னீங்க?"

"போய்ட்டு வாங்க."

"திறக்காத பெட்டிகிட்டப் போய் நான் என்ன செய்யறது?"

ரெஜினா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வேறு யாரோ கொண்டுவந்திருந்த டிஸ்க்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

 

மூன்று வாரம் கோபமாக இருந்தார். முதலில் ரெஜினா மேல், பிறகு சுகன்யா மேல், கடைசியில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஒரு காலையில் பஸ் ஏறினார். கீரனூர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

சுகன்யாதான் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா."

தண்ணீர் கொடுத்தாள். இளைத்திருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதை இன்னும் அணைக்கலையாம்மா?"

"எப்பவும் அணைக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருந்தாங்க மாமா."

"உள்ளே என்னன்னு தெரியுமா?"

"ஏதோ ஆபீஸ் வேலைன்னு நினைச்சேன்."

அம்பலவாணன் சொன்னார். முகத்தைத் தொட்டது, அழித்தது, கணக்கை நீக்கியது, சாவி போனது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அதுவரை அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திறக்கவே திறக்காதா மாமா?"

"திறக்காதும்மா."

அவள் பெட்டியின் அருகே போனாள். மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டும்மா," என்றார்.

அவள் திட்டவில்லை.

"அவன் சிரிக்கிற சத்தத்தை நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். வாய் அசையுது, சத்தம் வர மாட்டேங்குது. நீ ஆறு வருஷம் அவன்கூட இருந்தவ. உனக்கு ஞாபகம் இருக்கும். எப்படிச் சிரிப்பான்னு சொல்லும்மா. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

சுகன்யா கண்ணை மூடி யோசித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வர மாட்டேங்குது மாமா."

பிறகு சொன்னாள்:

"இப்படி மறந்துபோயிடுமேன்னுதான் கருமாதி அன்னிக்கு உங்க கால்ல விழுந்து கேட்டேன். ஒரே ஒரு வீடியோ குடுங்கன்னு."