முள்ளுக்கு வெளியே

“எந்தப் புண்ணியவான் இதை அடச்சு வெச்சது?”

மாரப்பன் முள்ளில் சிக்கிய சட்டைக் கையை இழுத்தார். சட்டை வந்தது, ஒரு துண்டு குறைவாக.

வசந்தாமணி டீச்சர் தன் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அவரிடம் வழக்கமில்லை. டிரில் டீச்சராக இருந்து வேலையை விட்டவர், மாரப்பனைவிட இளையவர். கேள்வியோடு வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார். வந்தால் நடக்க வைப்பார், இல்லையென்றால் சைக்கிள் மிதிக்க வைப்பார். சிலருக்குப் பாதி வழியில் கேள்வி மறந்துபோகும்.

மாரப்பன் கேட்டது சின்னக் கேள்வி.

“தார் ரோட்டைத் தொடாம என்ற தோட்டத்துக்குப் போக ஒரு வழி இருக்குதுங்களா டீச்சர்?”

சர்க்கரைக்காக டாக்டர் அவரை சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். போன வாரம் ஒரு மணல் லாரி கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. பள்ளத்தில் விழுந்து எழுந்தார். அதிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே கால் பெடலில் நிற்பதில்லை.

“இருக்குது. ஞாயித்துக்கிழமை வாங்க.”

ஊர் முடியும் இடத்தில் டீச்சர் ஓர் இட்டேரிக்குள் திரும்பினார். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்கு மண் தடம். ஒன்று முடிந்து இன்னொன்று. மயில் ஒன்று கொஞ்ச தூரம் முன்னால் நடந்து, சலித்துப்போய் வேலிக்குள் நுழைந்தது. தறி ஓட்டிப் பிழைத்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழி இருப்பது மாரப்பனுக்குத் தெரியாது. தம்பியோடு சேர்ந்து தோட்டம் வாங்கிய நாளிலிருந்து தார் ரோட்டில்தான் போய் வந்தார்.

“ஒரு லாரி இல்லீங்க டீச்சர்” என்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சொன்னார்.

பிறகு இந்த முள். தடத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு வேலிக்கருவேல மிளாறு, வெட்டிப் போட்ட முட்கிளைகள். மாரப்பனுடைய சைக்கிளின் முன் டயரில் ஒரு முள் ஏறிவிட்டது. காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

“வந்த வழியே திரும்பிரலாமுங்களா?”

“திரும்பலாம்.”

“இல்ல, ரோட்டுல ஏறிரலாமுங்களா?”

“ஏறலாம்.”

“டயரு போச்சு. உருட்டிக்கிட்டே லாரிக்கு நடுவுல போகோணும்.”

“போகலாம்.”

“நல்லா வழி காட்டுனீங்க போங்க.”

டீச்சர் சிரித்தார்.

மாரப்பன் முள்ளின் பக்கம் திரும்பினார். “பட்டா அவனுதாவே இருக்கட்டுமுங்க. அதுக்காகத் தடத்தை அடைக்கறதா? போறவன் வாறவன் எங்க போவான்னு நெனைக்க வேண்டாமா? இவனெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?”

“தெரியலீங்ணா. நல்ல மனுசன்னுதான் சொல்றாங்க.”

“நல்ல மனுசன். அவன் வீட்டுப் புள்ளைய லாரிக்கு முன்னால வுட்டாத் தெரியும்.”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. குரைத்துக்கொண்டே வந்து, மிளாறுக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. டீச்சரைப் பார்த்து உறுமியது. மாரப்பனைப் பார்த்து வாலை ஆட்டியது.

செவலை நாய். ஒரு காது மடிந்தது.

“என்ற தோட்டத்து நாயாட்டம் இருக்குது. இது எப்படி இங்க வந்துது?”

டீச்சர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

மாரப்பன் முள்ளை மறுபடி பார்த்தார். மிளாறுகளை நீல நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தது. தறியில் அறுந்த பாவு நூலுக்குப் போடுகிற முடிச்சு. காட்டு வேலை செய்கிறவர்கள் அப்படி முடிய மாட்டார்கள்.

தை மாதத்தில், தம்பியோடு பேச்சு முறிந்த மறுநாள், அவரே போட்டது. தம்பியின் வீடு தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. அங்கிருந்து இட்டேரிக்கு வர மாரப்பனுடைய பங்கின் ஓரமாகத்தான் வர வேண்டும், இல்லையென்றால் தார் ரோடுதான். தோட்டத்துக்குள் நின்று அடைத்தார். வெளியே வந்து, தடம் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை.

நாய் அவர் காலை நக்கியது.

“தம்பி பொண்ணு இப்ப எத்தனாவதுங்ணா?”

“ஒம்பதாவது.”

“பள்ளிக்கூடத்துக்கு எதுல போகுது?”

“சைக்கிள்ல.”

டீச்சர் பாட்டிலை மூடினார்.

மாரப்பன் சைக்கிளை வேலியில் சாய்த்தார். பிறகு வேலியில் கவையாக இருந்த ஒரு குச்சியை ஒடித்தார். முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். மிளாறுகளைக் கவையில் குத்தி வேலியோரம் தள்ளினார். முழங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது.

தடம் திறந்தது. நாய் உள்ளே ஓடியது. டீச்சர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனார்.

மாரப்பன் குந்தி உட்கார்ந்து, மண்ணில் உதிர்ந்து கிடந்த முட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.