மடித்த இலை

அமைச்சர் குலோத்துங்கனுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு. கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம், அங்கே வந்தவர்க்கெல்லாம் மத்தியானச் சோறு. அதை நடத்துகிற வடிவாம்பாளை ஊரே அம்மை என்றது. மேடை ஏறினால் மூன்று மணி நேரம் இறங்காத குலோத்துங்கன், அவர் முன்னால் மூன்று வார்த்தை பேசத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

பழக்கம் எட்டு வருஷத்துப் பழக்கம். அப்போது அவர் எதிர்க்கட்சி. அன்றைய அரசாங்கம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கருத்துக் கணிப்பு நடத்தக் கோடிகளைக் கொட்டியது. குலோத்துங்கன் கடைவீதியில் பந்தல் போட்டு மூன்று நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். "பசிக்கிறவன்கிட்டப் போயி பசிக்குதான்னு கேக்க ஆள் வைக்கிற அரசாங்கம்!" என்று முழங்கினார். அது மாவட்டத்துச் சுவரெல்லாம் ஏறியது.

முடித்துவைக்க அம்மையை அழைத்திருந்தார்கள். விடிவதற்குள் வந்துவிட்ட அம்மை, சும்மா உட்காரத் தெரியாதவர், பந்தலைக் கூட்டிப் பெருக்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த தேர்தலில் குலோத்துங்கன் அமைச்சர்.

இப்போது ஊர் ஊராய் மலிவு விலை உணவுக் கூடங்கள் நடத்துவது அவருடைய துறை. போன வருஷம் அவரும் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தினார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் 'மிகவும் திருப்தி' என்றார்கள். இந்த வருஷம் அதைவிடப் பெரிதாக, எல்லா மாவட்டத்திலும். பன்னிரண்டு கோடி. இன்று அவர் மடத்துக்கு வந்திருந்தார், அந்தக் கோப்பு வெளியே காரில் இருந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்து ஆகவேண்டும் என்று உதவியாளர் தணிகாசலம் வழி நெடுக நச்சரித்துக்கொண்டே வந்தார்.

அமைச்சருக்குத்தான் பேனாவைத் திறக்க மனம் வரவில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா."

"மக்கள் மனசைத் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறது தப்பா?"

"தப்பு எப்படி ஆகும்? நான் தினமும் தெரிஞ்சுக்கிறேனே."

"எப்படி?"

"பந்தி போடுற நேரம். ஒரு கை கொடுங்க."

அமைச்சர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே பூஜை முடிந்து மணி அடித்தது. மடத்தில் சாமிக்குப் படைக்கும்வரை சமைத்ததை யாரும் நாக்கில் வைக்கமாட்டார்கள். படைத்த கையோடு அப்படியே பந்திக்கு வந்துவிடும். ருசி பார்த்துச் சமைக்கிற பேச்சே அங்கே கிடையாது.

நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், பூ விற்கிறவர்கள், அக்கரைக்குப் போகிற வழிப்போக்கர்கள். அமைச்சர் பூசணிக்காய்க் கூட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வைத்தார். ஓட்டு கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"சாப்பாடு எப்படிம்மா இருக்கு?"

"அமிர்தங்க ஐயா."

"பெரியவரே, உங்களுக்கு?"

"இதுக்கு மேல என்னங்க வேணும்? வயிறு குளுந்துபோச்சு."

ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் நன்றாக இருக்கிறது என்றார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனார்கள். விருந்து திருப்தி என்றால் அப்படித்தான் மடிப்பது. அமைச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மா? நாப்பது பேருக்கும் திருப்தி. கேட்டாத்தானே தெரியுது?"

"ரொம்ப சந்தோஷம். சரி, இலையை எடுங்க."

"நானா?"

"பரிமாறினவங்கதான் எடுக்கணும். இங்க அதுதான் வழக்கம். ஒவ்வொரு இலையையும் பிரிச்சுப் பாத்துத்தான் தொட்டியில போடணும். மிளகாய் இருந்தா மாடு பாவம்."

தணிகாசலம் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அமைச்சர் அவரைக் கையமர்த்திவிட்டுக் குனிந்தார். பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட அவர் எச்சில் இலை எடுத்ததில்லை. முதல் இலையைப் பிரித்தார்.

கூட்டு ஒரு வாய் தவிர வைத்தபடியே இருந்தது.

இரண்டாவது இலையிலும் இருந்தது. மூன்றாவதில் அதன்மேல் ஒரு அப்பளத் துண்டை மூடி வைத்திருந்தார்கள். அமிர்தம் என்று சொன்ன அம்மாளின் இலையில் கூட்டு கறிவேப்பிலைக்கு அடியில் பதுங்கியிருந்தது. வயிறு குளிர்ந்த பெரியவர் மட்டும் பாதி தின்றிருந்தார், அதற்குமேல் அவராலும் முடியவில்லை. பத்துப் பதினைந்து இலை பிரிப்பதற்குள் அமைச்சரின் முகத்தில் இருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

எழுந்து போய் வாளியில் மிச்சமிருந்ததை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அம்மா, உப்பு! வாயில வைக்க முடியலை."

அம்மையும் ஒரு துளி எடுத்துப் பார்த்தார். "அடடா. சமையலுக்கு இருக்குற செங்கமலம் உப்புப் போட்டிருக்கா. அது தெரியாம நானும் போட்டிருக்கேன்."

உடனே வாசலுக்குப் போனார். சாப்பிட்டவர்கள் வேப்பமரத்தடியில் ஆறுதலாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மை கையைக் கூப்பினார்.

"கூட்டு உப்புக் கரிக்குது. மன்னிச்சிருங்க. ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"சோறு போடுற கையைப் பாத்து அது எப்படித் தாயி சொல்றது? அதுவும் அமைச்சரே வந்து கேக்கும்போது?"

அம்மை ஒரு பானை மோர் கொண்டுவரச் செய்தார். ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தார்கள். ஒரு வாய் கூட்டுக்கே மனிதர்களுக்கு எவ்வளவு தாகம் எடுத்திருந்தது என்று அப்போதுதான் அமைச்சருக்கு உறைத்தது.

அவர் தொட்டிக்கருகில் திரும்பிப் போய் மிச்ச இலைகளையும் பிரித்துப் போட்டார். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தார். முடித்துக் கை கழுவும்போது அம்மை சொம்பில் தண்ணீர் ஊற்றினார்.

"உங்க கூடத்துல கருத்துக் கேட்டாங்களே ஐயா, எங்க நின்னு கேட்டாங்க?"

"வாசல்ல. வரிசையில நின்னவங்ககிட்ட."

"தட்டு வாங்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அமைச்சர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் எப்போதோ போய்விட்டது.

"முன்னால," என்றார்.

அம்மை சொம்பில் மறுபடியும் தண்ணீர் மொண்டார். அவர் திட்டியிருந்தால் அமைச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது மட்டுமில்லம்மா. இந்தத் தடவை கணிப்புக்குப் பணம் வேற எங்கேயும் இல்லை. கூடத்துக்குக் காய்கறி வாங்குற ஒதுக்கீட்டுலேர்ந்து எடுக்குறோம். மூணு மாசத்துக்கு வெறும் சோறும் குழம்பும்தான். அதைச் சாப்பிடப் போறவங்ககிட்டத்தான் திருப்தியான்னு கேக்கப் போறோம்."

சொல்லி முடித்ததும்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால் சுவரெல்லாம் எழுதிய வாசகம் அவருக்கே கேட்டது. காது மடல் சிவந்துவிட்டது.

"தணிகாசலம்!"

"சார், கோப்பு ரெடியா இருக்கு."

"திருப்பி அனுப்பிடு. வேண்டாம்னு எழுது."

"சார், எதிர்க்கட்சிக்காரங்க நாளைக்கே..."

"சிரிக்கட்டும். நாமளும்தானே அன்னிக்குச் சிரிச்சோம். பக்கத்துல எந்த ஊருல நம்ம கூடம் இருக்கு?"

"லால்குடியில சார். சொல்லிவைக்கவா? வாசல்ல வரவேற்பு..."

"சொல்லாதே. அங்க தட்டுக் கழுவுற இடம் எங்க இருக்கு?"

தணிகாசலம் விழித்தார். "பின்பக்கமாத்தான் இருக்கும் சார்."

"அப்ப பின்பக்கமாவே போவோம்."

தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு காருக்குப் போனார். அமைச்சர் போகவில்லை. அம்மையின் முன்னால் நின்றார். இந்த மனுஷி இல்லாவிட்டால் இன்று சாயங்காலம் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம் என்று நினைத்தார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். பேச்சில் பிழைக்கிறவருக்கு அதைச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. சொல்லவேண்டியது வேறு ஒன்று எட்டு வருஷமாய்க் கிடந்தது, அதுதான் வெளியே வந்தது.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். அந்த உண்ணாவிரதத்துல..."

"ம்."

"ரெண்டாவது நாள் ராத்திரி, பந்தல்ல விளக்கை அணைச்சப்புறம், திருட்டுத்தனமா நாலு வாழைப்பழம் தின்னேன்."

"அஞ்சு," என்றார் அம்மை.

அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டிலுக்கு அடியில அஞ்சு தோல் இருந்துது. காலையில பந்தலைக் கூட்டினது நான்தானே?"

"அப்ப, தெரிஞ்சேதான் சாறு கொடுத்தீங்களா?"

"ஆமா."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேக்கலையே அம்மா! நான் வேஷக்காரன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் எதுக்கு உங்க கையால எனக்கு..."

அம்மை சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடையில நீங்க பேசினது எனக்கு ஒண்ணும் விளங்கலை ஐயா. தோலைப் பாத்தப்புறம்தான், உங்களுக்கு நிஜமாவே பசிக்குதுன்னு தெரிஞ்சுது."