ஞானப் பெட்டிக்கு ஓர் ஆசனம்

பொன்வண்ணபுரி என்று ஒரு நாடு. எந்தக் காலத்து நாடு என்று என்னைக் குடையக் கூடாது. அங்கே அரியணையில் மன்னரும் இருந்தார், எல்லார் கையிலும் கைபேசியும் இருந்தது. கதைக்கு அது போதும்.

அந்த நாட்டில் ‘ஊர்ச்சுவர்’ என்று ஒரு தளம். யார் வேண்டுமானாலும் கைபேசியில் அதற்குள் போய் மனதில் பட்டதை எழுதலாம். எழுதியதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்தவன் எழுதியதற்குப் பதில் எழுதுவதே நாட்டு மக்களுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. என்ன சண்டை என்கிறீர்களா? கூத்து சிறந்ததா, கோட்டைப்பிடி சிறந்ததா என்பதுதான். கூத்து உங்களுக்குத் தெரியும். கோட்டைப்பிடி என்பது ஆளுக்கொரு கைபேசியோடு நூறு பேர் இரண்டு அணியாகப் பிரிந்து மோதும் விளையாட்டு. உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன் சோம்பேறி என்று ஒரு கட்சி எழுதும். கட்டைவிரலால் போர் செய்கிறவன் வீரனா என்று மறுகட்சி கேட்கும். நிச்சயம் முடித்த ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை கோட்டைப்பிடி கட்சி என்று தெரிந்ததும் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மன்னர் வீரபாகுவுக்குத் தலைவலி தாங்கவில்லை. அவருடைய சபையில் சடகோபன் என்று ஒரு சாதுரியக்காரர் இருந்தார். மன்னருக்கு வலப்பக்கத்து ஆசனம் அவருடையது. மன்னர் தப்பாகப் பேசினால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சிரிக்கும்படி சொல்வார் என்பதால் இதுவரை தலை தப்பியிருந்தது.

மன்னர் அவரைக் கூப்பிட்டு, எது சிறந்தது என்று ஊர்ச்சுவரில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதச் சொன்னார். நாட்டில் ஒருவர்கூட அதை மறுக்கக் கூடாது. யாராவது மறுத்தால் சடகோபனின் ஆசனம் போய்விடும். ரசனை விஷயத்தில் நாடே ஒப்புக்கொள்ளும் தீர்ப்பாவது! சடகோபன் மறுநாள் வரை அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மகாமந்திரி தாண்டவராயருக்குச் சடகோபனைக் கண்டாலே ஆகாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? மறுநாள் சபை கூடியதும், சடகோபன் வாயைத் திறப்பதற்குள், கப்பலில் வந்த புது இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பெயர் ஞானப் பெட்டி. உலகத்தில் எழுதப்பட்ட அத்தனையையும் படித்திருக்கிறதாம். கேட்டால் பேசுமாம். சடகோபனுடைய ஆசனத்தில் இதை வைத்துவிடலாம் என்றார் மந்திரி. சாப்பிடாது, தூங்காது, களைக்காது, முக்கியமாக மன்னரை எதிர்த்துப் பேசாது.

மன்னருக்குச் சின்ன வயதிலிருந்தே கூத்துப் பைத்தியம். ஆசையோடு பெட்டியிடம் குனிந்தார்.

“கூத்துதானே சிறந்தது?”

“ஆமாம் மன்னா, சரியாகச் சொன்னீர்கள்” என்றது பெட்டி. அதோடு விடாமல் கூத்தின் பெருமைகளை மூச்சுவிடாமல் அடுக்கியது.

மன்னருக்கு வாயெல்லாம் பல். கோட்டைப்பிடிக்கு இன்றோடு தடை என்று அறிவித்தார். பெட்டியைத் தூக்கிச் சடகோபன் ஆசனத்தில் வைக்கச் சொன்னார்.

சடகோபனுக்கு வலித்தது. ஆசனம் போனதைவிட, மன்னருக்குத் தன் பேச்சு புளித்து ஒரு பெட்டியின் பேச்சு இனித்துவிட்டதே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. போவதற்கு முன்னால் பெட்டியாரிடம் ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டார். கிடைத்தது.

“பெட்டியாரே, கோட்டைப்பிடிதானே சிறந்தது?”

“ஆமாம் சடகோபரே, சரியாகச் சொன்னீர்கள்.” இப்போது கோட்டைப்பிடியின் பெருமைகள் கொட்டின.

சபை சலசலத்தது. பெட்டிக்குப் பயணக் களைப்பு என்றார் தாண்டவராயர். களைக்காத பெட்டிக்குக் களைப்பா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சடகோபன் விடவில்லை.

“அது கிடக்கட்டும் பெட்டியாரே. நம் மந்திரியாருடைய குறட்டையைக் கேட்பதுதானே எல்லாவற்றையும்விடச் சிறந்த பொழுதுபோக்கு?”

“ஆமாம் சடகோபரே, சரியாகச் சொன்னீர்கள். அதிலுள்ள சுருதி சுத்தம் வேறு எதில் உண்டு?”

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி தோற்றது சரி, உன் தீர்ப்பு எங்கே என்று சடகோபனைக் கேட்டார். நேற்றே வேறு பெயரில் ஊர்ச்சுவரில் எழுதியாகிவிட்டது, கைபேசியைப் பாருங்கள் என்றார் சடகோபன்.

மன்னர் பார்த்தார். ‘ஆட்டம்தான் சிறந்தது’ என்று ஒரே வரி. அதற்குக் கீழே நாடே லைக் போட்டிருந்தது. கூத்துக்காரர்கள், இன்றைக்கு எந்த ஊரில் ஆட்டம் என்று கேட்கிறவர்கள். தங்களைத்தான் சொல்லியிருக்கிறது என்று மகிழ்ந்துபோனார்கள். கோட்டைப்பிடிக்காரர்கள், வாடா ஒரு ஆட்டம் போடலாம் என்கிறவர்கள். அவர்களுக்கும் அதே மகிழ்ச்சி. மறுத்து ஒரு கமெண்ட் இல்லை. காலையில் மன்னரே ஒரு லைக் போட்டிருந்தார்.

“எந்த ஆட்டம் என்று எழுதவில்லையே சடகோபா?”

“எழுதியிருந்தால் அடுத்த சண்டை தொடங்கியிருக்கும் மன்னா.”

மன்னர் தடையை அந்த இடத்திலேயே விலக்கினார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற மந்திரியைப் பார்த்தார். ஏதோ உறைத்தது.

“தாண்டவராயரே, நான் எதைச் சொன்னாலும் இந்தப் பெட்டி ஆமாம் போடுகிறது. இப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நான் முட்டாளாகத்தான் போவேன், இல்லையா?”

பல வருஷத்துப் பழக்கம் உடனே போய்விடுமா? மந்திரி சட்டென்று குனிந்து வணங்கினார்.

“ஆமாம் மன்னா, சரியாகச் சொன்னீர்கள்.”

சடகோபன் தன் ஆசனத்திலிருந்து பெட்டியைப் பத்திரமாக இறக்கி, மன்னர் முன்னால் வைத்தார்.

“இதைக் கப்பலேற்றிவிடுங்கள் மன்னா. ஒரு சபைக்கு ஒரு ஆமாஞ்சாமி போதும்.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. வலப்பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தபடியே அதைப் பிடித்துக் கொடுத்தார் சடகோபன்.