தோளில் ஓடிய இளங்கதிர்

ஆலத்திமேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிழக்கத்தியார் மேற்கே கைகாட்டுவார்கள், மேற்கத்தியார் கிழக்கே. தம் ஊருக்குப் பக்கம் என்று ஒப்புக்கொண்டவர் இதுவரை எவரும் இல்லை. அந்த ஊரில் பூவலிங்கம் என்றொருவர் இருந்தார். கலியாணமாகிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் இளங்கதிர், இப்போது வயது ஒன்பது. மூன்று பிள்ளைகள் என்று சொல்வாரும் உண்டு. கதைக்கு ஒருவனே தாராளம்.

ஒருநாள் ஊருக்கு வந்த நர்ஸ் எஸ்தர், இளங்கதிரை எடை மேடையில் ஏற்றினார். முள் நாற்பத்தாறு கிலோவில் போய் நின்றது.

“பய நல்லா புஷ்டியா இருக்கான்லம்மா?” என்றார் பூவலிங்கம், மீசையைத் தடவிக்கொண்டு.

“இப்படியே விட்டீங்கன்னா இவனுக்கு மீசை முளைக்கிறதுக்குள்ள சர்க்கரை வந்துரும். அப்புறம் காலம்பூரா மருந்தும் ஊசியுந்தான்.”

பூவலிங்கத்தின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது. மகன் காலில் முள் தைத்தால் தாம் நொண்டுகிற மனிதர் அவர்.

“முறுக்கு, மிக்சர் எதையும் பையன் கையில கொடுக்காதீங்க. சாப்பாட்டுத் தட்டுல பாதி காய்கறி இருக்கணும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டம். பெத்தவங்களும் கூடவே ஓடுங்க. மூணு மாசம் கழிச்சு வந்து பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் பேருந்தேறினார்.

அன்று மாலையே ஊர்த்தலைவர் நல்லபெருமாள் கூட்டம் கூட்டினார். பிள்ளைகளின் பருமனை ஒழிப்பதற்கான கூட்டம் என்பதால் ஆளுக்கு இரண்டு ஜிலேபியும் ஒரு தட்டு பஜ்ஜியும் மட்டுமே வழங்கப்பட்டன.

“கையில கொடுக்கக் கூடாதுன்னா, குத்தம் கையிலதான் இருக்கு” என்றார் தலைவர்.

“அப்போ நேரா வாயில வச்சுட்டா, தலைவரே?” என்று கேட்டாள் பூவலிங்கத்தின் மனைவி மரகதம்.

“வாயைப் பத்தி நர்சம்மா ஒண்ணும் சொல்லலையே!”

கூட்டம் மரகதத்தின் மதிநுட்பத்தைக் கைதட்டிப் போற்றியது. முன்பெல்லாம் தானே எடுத்துத் தின்னச் சலித்துப் பத்து முறுக்கோடு நிறுத்திக்கொண்ட இளங்கதிர், இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இருபது தின்றான்.

மறுநாள் அவன் தட்டில் பாதிக்கு அவரைக்காயும் பூசணித் துண்டுகளும் ஏறின. அதிசயமாக அவனே ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். பூவலிங்கம் பதறிக் கையைத் தட்டிவிட்டார்.

“தின்னுட்டா அப்புறம் தட்டுல எப்படிடா இருக்கும்? நர்சம்மா பேச்சை மீறாதே!”

மீதிப் பாதியில் சோறு கோபுரமாக எழுந்தது. காய்கறியை மரகதம் துடைத்துப் பத்திரப்படுத்தி இரவுத் தட்டுக்கு மாற்றினாள். அந்தப் பூசணி எட்டு நாள் உழைத்தது.

ஓட்டந்தான் பெரும் சிக்கலாயிற்று. நாலாவது எட்டிலேயே இளங்கதிருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் கோத்தது. பெற்ற மனம் கேட்குமா? பூவலிங்கம் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மீதி நேரத்தையும் ஓடி முடித்தார். இது செல்லுமா என்று தலைவரிடம் வழக்குப் போனது.

“ஓட்டம் நடந்ததா?”

“நடந்தது, தலைவரே.”

“அதுல பையன் இருந்தானா?”

“ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்.”

“அப்புறம் என்னய்யா சந்தேகம்? செல்லும்!”

அரிசி மண்டித் தராசில் தந்தையும் மகனும் ஓட்டக் கோலத்திலேயே ஏறினார்கள். முதல்நாள் நூற்றுப்பதினாறு கிலோ. மூன்று மாதத்தில் அது நூற்றுமூன்றாக இறங்கியது. ஊரே லட்டு பிடித்துக் கொண்டாடியது. பூவலிங்கத்தின் வேட்டி மட்டும் இடுப்பில் நிற்க மறுத்தது. கயிறு கட்டிச் சமாளித்தார்.

நர்ஸ் வந்தார். பையனைத் தனியே எடை மேடையில் நிறுத்தினார். ஐம்பது கிலோ.

“நாலு கிலோ ஏறியிருக்கானே!”

“பதிமூணு கிலோ இறங்கியிருக்கான்மா! என் தோள்ல வச்சே மண்டித் தராசுல நிறுத்தோம், ஊரே சாட்சி!” என்று அலறினார் பூவலிங்கம்.

“அண்ணே, இறங்கினது உங்க எடை. பதினேழு கிலோ!”

ஊரே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் தாடியைச் சொறிந்தார். “அம்மா, அப்பன் தோள்ல இருந்தவரைக்கும் பய இளைச்சுட்டே வந்தான். நீங்க இறக்கிவிட்டதும் நாலு கிலோ ஏறிட்டான். இதுக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பு?”

எஸ்தர் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு பூவலிங்கத்தின் குழிவிழுந்த கண்களைப் பார்த்தார், குரல் தணிந்தது. “அண்ணே, உங்களுக்கு மகன் நல்லாருக்கணும். எனக்கும் அதான். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் செய்யுங்க. நாளையிலிருந்து ஓடும்போது அவன் கால் மண்ணுல இருக்கணும்.”

“சத்தியமா இருக்கும்மா” என்றார் பூவலிங்கம். கண் கலங்கியிருந்தது.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் விடிந்ததும், இரவு ஊரிலேயே தங்கிவிட்டு ஊர் எல்லையில் பேருந்துக்கு நின்ற எஸ்தரைத் தாண்டி அவர் ஓடினார். தலையில் பெரிய மூங்கில் கூடை. கூடை நிறைய நல்ல செம்மண். அந்த மண்ணில் இரு காலையும் அழுத்தி ஊன்றி நின்றான் இளங்கதிர், கையைப் பின்னால் கட்டியபடி. பக்கத்தில் மூச்சிரைக்க ஓடிவந்த மரகதத்தின் தோளில், பையனைக் கூடையில் ஏற்றி இறக்க ஓர் ஏணி. இடுப்பில் முறுக்கு டப்பா.

“பாத்தீங்களாம்மா?” என்று கூடைக்கு அடியிலிருந்து பெருமையாகக் குரல் வந்தது. “இன்னிக்குத்தான் பய முதல் தடவையா அழாம ஓடுறான்!”