ரெஃபரி வராத மைதானம்

தவமலர் அக்கா கொடுத்த விசிலை அவரிடமே திருப்பிக் கொடுக்க வந்திருந்தான் சுகிர்தன்.

லண்டனில் அவனைக் கால்பந்து நடுவராகப் பழக்கியவர் அக்காதான். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது ஞாயிறுகளில் தமிழ்க் கழகங்களின் ஆட்டங்களுக்கு மட்டும் விசில் ஊதுகிறார். சுகிர்தனோ இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் முழுநேர நடுவர். போன சனிக்கிழமை ஆட்டம் முடியும் தறுவாயில் இல்லாத பெனால்டி ஒன்றைக் கொடுத்துவிட்டான். அரங்கமே எழுந்து நின்று திட்டித் தீர்த்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவன் மகளைக்கூடக் கேலி செய்யாமல் விடவில்லை.

"காணும் அக்கா, இனி நான் ஊதமாட்டன். பிழை விட்டனான், திட்டட்டும். சரியாச் செய்த நாளிலயும் திட்டுத்தானே? இத்தனை வருசத்தில உங்களுக்கு ஒருத்தராவது நன்றி சொன்னவங்களோ?"

"சொன்னவங்கள்."

"ஆர்? எப்ப?"

"எனக்கு இப்ப ஒரு மட்ச் இருக்கு. காரில ஏறு. விசிலைப் பிறகு தா."

மைதானத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினார் அக்கா. இறங்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார்.

வெளியே மழை தூறியது. சிவப்புச் சட்டைக்காரரும் நீலச் சட்டைக்காரரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஊரில் அடுத்தடுத்த கிராமத்துக்காரர்கள்; அங்கே தொடங்கிய போட்டியை விமானம் ஏறி வந்தும் விடவில்லை.

"அக்கா, நேரமாச்சு."

"தேத்தண்ணி குடி."

நேரம் தவறுவது சுகிர்தனுக்கு ஆகவே ஆகாது. இருப்புக் கொள்ளாமல் கார்க் கண்ணாடியை இறக்கினான்.

"நான் ஊதுறன், தொடங்குவம்," என்றார் சிவப்புக் கப்டன்.

"நீயோ?" நீலக் கப்டன் சிரித்தார். "கோல் போனாலும் உன்ர கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப நீ ஊது."

அதற்கு மற்றச் சிவப்புச் சட்டைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் தன் மச்சானைச் சொன்னார். மச்சான் எந்தக் கிராமத்தில் பெண் எடுத்தவர் என்று அடுத்த சண்டை கிளம்பியது. பந்து நடுவில் நனைந்துகொண்டு கிடந்தது. கடைசியில் எல்லோரும் ரெஃபரி வருகிறாரா என்று தெருவைப் பார்த்தார்கள்.

பெரிய அரங்கங்களில் நடுவர் வராத நாளே கிடையாது. அதனால் இப்படியொரு காட்சியைச் சுகிர்தன் கண்டதே இல்லை.

அக்கா முழங்காலைத் தடவினார். "குளிருக்குக் கால் பிடிச்சிட்டுது. நீ போய் ஊது."

"நானோ?"

"வேற ஆர் இருக்கினம்?"

விசிலும் கையுமாக அவன் கார்க் கதவைத் திறந்ததுதான் தாமதம்.

"ரெஃபரி வந்தாச்சு!"

இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தியது. யாரோ கைதட்டினார்கள். நீலக் கப்டன் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காலம் வந்தியள் அண்ணை!"

சுகிர்தன் அந்தக் கையை விடாமல் நின்றான். தன்னைக் கண்டு மனிதர்கள் இப்படிச் சந்தோஷப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் அதே கப்டன், "உமக்குக் கண் தெரியாதோ?" என்று பாய்ந்தார். அண்ணை என்ற சொல் போன இடம் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் சேறும் சகதியுமாகக் காருக்குத் திரும்பினான்.

"அக்கா, முதல் கையைப் பிடிச்சவரே பிறகு என்னைக் குருடன் எண்டார். போகேக்க ஒருத்தரும் ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை."

அக்கா தேநீரை நீட்டினார். அதை வாங்குவதற்காகச் சுகிர்தன் கையிலிருந்த விசிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உன்னைக் கண்ட உடனயே சொல்லிப்போட்டாங்கள், தம்பி. ஒரு மட்சுக்கு எத்தினை தரம் சொல்லுறது?"